பத்தின்தேரோவா, பீக்கோவா? பிலிப்பைன்ஸ் தெரு விளையாட்டை வகுப்பு நடனமாக்கும்போது எதை எடுப்பது

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் ஆகஸ்டு பிறந்தால் 'புவான் நங் விகா', தேசிய மொழி மாதம். முன்பு ஒரு வாரமாக இருந்த கொண்டாட்டம், 1997இல் அதிபர் ஃபிடல் ராமோஸ் வெளியிட்ட பிரகடனத்தோடு முழு மாதமாக நீண்டது. பேச்சு, கவிதை, நாட்டார் நடனம் எல்லாம் அந்த மாதத்தில் பள்ளிகளில் களைகட்டும். கூடவே 'லாரோ நங் லாஹி' என்று அவர்கள் அழைக்கும் மரபு விளையாட்டுகளும் நடக்கும். லாஹி என்றால் இனம், குலம். நம் மக்களின் விளையாட்டு என்று பொருள். உடற்கல்வி ஆசிரியர்கள் பலருக்கு அந்த நேரத்தில் ஒரே யோசனை வருவது இயல்பு. விளையாட்டும் சொல்லித்தர வேண்டும், நடனமும் சொல்லித்தர வேண்டும், கையில் இருக்கும் நேரமோ கொஞ்சம். விளையாட்டையே நடனமாக்கிவிட்டால் என்ன?

நல்ல யோசனைதான். ஆனால் தவறான விளையாட்டை எடுத்தாலோ, சரியான விளையாட்டைத் தவறாக மாற்றினாலோ இரண்டும் போய்விடும். பிள்ளைகள் விளையாடவும் மாட்டார்கள், ஆடவும் மாட்டார்கள். பாட்டு ஓட ஓட வரிசையில் நின்று கையை அசைப்பார்கள். அது நடக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஒரு சொந்த ஒட்டும் உண்டு. பத்தின்தேரோவை முதன்முதலில் பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் எவரும் "அட, இது கிளித்தட்டு அல்லவா!" என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன். தரையில் நீள்சதுரம், குறுக்கே கோடுகள், கோட்டுக்கு ஒருவர் காவல், நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடும் ஒருவர். அந்த நடுக்கோட்டுக்காரரை நாங்கள் கிளி என்போம். அவர்கள் பதோதோத் என்பார்கள். நிலவு வெளிச்சத்தில் ஆடுவதுகூட இரண்டு இடத்திலும் ஒன்றே. அதனால் இந்த விளையாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முன்பே போட்ட பாதை

விளையாட்டையும் நடனத்தையும் ஒரே கூடையில் வைப்பது பிலிப்பைன்ஸுக்குப் புதிதல்ல. 1920களில் ஊர் ஊராகப் போய் நாட்டார் நடனங்களைச் சேகரித்த பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ, 1926இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் நடனங்களையும் விளையாட்டுகளையும் சேர்த்தே பதிவு செய்தார். பிறகு அரசின் உடற்கல்விக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். 1973இல் நடனத்துக்கான தேசியக் கலைஞர் பட்டம் பெற்றார். அந்நாட்டுப் பள்ளிகளில் நடனம் இன்றும் உடற்கல்விப் பாடத்துக்குள் இருப்பதில் அவருடைய பங்கு பெரிது. நாட்டார் நடனங்களை வகைப்படுத்தும்போது தொழில் நடனம், திருமண நடனம் என்பவற்றோடு விளையாட்டு நடனம் என்றும் ஒரு வகை சொல்வார்கள். ஆக, ஆசிரியர் வெறும் மண்ணில் தொடங்கவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்த தினிக்லிங்கையே ஆடிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. லெய்த்தே தீவிலிருந்து வந்த நடனம் அது. கானாங்கோழி இனத்தைச் சேர்ந்த திக்லிங் பறவை மூங்கில் பொறிகளுக்கு நடுவே தப்பித் தப்பி நடப்பதைக் காட்டுகிறது. இரண்டு மூங்கில், தட்டுவதற்கு இருவர், ஆடுவதற்கு இருவர். மூன்று எண்ணிக்கைத் தாளம். இரண்டு முறை தரையில் தட்டி, ஒரு முறை மூங்கிலோடு மூங்கில் மோதும். காலை எடுக்கத் தவறினால் கணுக்காலில் அடி.

பிள்ளைகள் தினிக்லிங்கை ஏன் விரும்புகிறார்கள் என்று யோசித்தால் இந்த மொத்தக் கட்டுரைக்கும் வழி கிடைத்துவிடும். அதில் ஆபத்து பொய்யல்ல. மூங்கில் உண்மையாகவே மூடுகிறது. ஆடுபவர் பறவைபோல நடிக்க வேண்டிய தேவையே இல்லை. தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான், பறவைத்தனம் தானாக வந்துவிடும். தாளமும் அலங்காரமாக நிற்கவில்லை, உயிர் காக்கும் செய்தியாக இருக்கிறது. ஒரு விளையாட்டை நடனமாக்கும்போது தேட வேண்டியது இதைத்தான்: பிடிபடுவோமா மாட்டோமா என்ற அந்த நொடி தாளத்துக்குள் உயிரோடு இருக்க முடியுமா? முடிந்தால் அந்த விளையாட்டை எடுங்கள். முடியாவிட்டால் அதை விளையாட்டாகவே விட்டுவிடுங்கள்.

தினிக்லிங்கை மாற்றாக வைக்க முடியாததற்குக் காரணம் வேறு. அது முடிந்த வடிவம். பிள்ளைகள் அதைக் கற்கலாம், உருவாக்க முடியாது. உருவாக்கும் பயிற்சி வேண்டும் என்றால் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

எதை வைத்து அளப்பது

ஒரு சாதாரண அரசுப் பள்ளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு, நாற்பத்தைந்து பிள்ளைகள், கூரை போட்ட ஒரு கூடைப்பந்துத் திடல். இசை, கலை, உடற்கல்வி, சுகாதாரம் நான்கையும் சேர்த்து 'மாப்பே' என்று ஒரே பாடமாக நெடுநாள் வைத்திருந்தார்கள். பங்கு போட்டுப் பார்த்தால் உடற்கல்விக்கு வாரத்தில் ஒரு நாற்பது நிமிடம் கிடைக்கும். கூரை முக்கியம். 2024 ஏப்ரல் கடைசியில் வெயில் தாங்காமல் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் நேரடி வகுப்புகளையே நிறுத்தினார்கள். வெட்டவெளியில் நடனப் பயிற்சி என்பது பல மாதங்களுக்கு நடக்கிற காரியமல்ல.

இன்னொரு எண்ணையும் கவனிக்க வேண்டும். 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் உடலுழைப்பைக் கணக்கிட்ட உலக சுகாதார நிறுவன ஆய்வில், 2016ஆம் ஆண்டு நிலவரப்படி பையன்களில் மிகமோசமான இடம் பிலிப்பைன்ஸுக்கு. நூற்றுக்கு 93 பேர், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவை எட்டவில்லை. அதனால் நான் முதலில் கேட்பது அழகைப் பற்றிய கேள்வி அல்ல. நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் உண்மையில் அசைகிறது? அடுத்து, அந்தப் பிடிபடும் நொடி தாளத்தில் தாங்குமா? அப்புறம் காயம், செலவு.

லுக்சோங் தினிக்: கண்ணுக்கு அழகு, வரிசைக்குப் பகை

பெயரின் பொருள் முள் தாண்டல். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கால்களை நீட்டிப் பாதங்களைச் சேர்த்து வைப்பார்கள். மற்றவர்கள் ஓடிவந்து தாண்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதம் மேல் இன்னொரு பாதம், அதன் மேல் விரல் விரித்த கை, அதன் மேல் இன்னொரு கை என்று உயரம் ஏறும். விரித்த விரல்கள்தான் முள். பட்டால் தோற்றார்கள்.

நடனக் கண்ணால் பார்த்தால், இங்கே நான் அளக்கப்போகும் நான்கு விளையாட்டுகளிலும் அழகானது இதுதான். மூன்று எட்டு ஓட்டம், நான்காவதில் பறத்தல்; தாளம் அதிலேயே எழுதி வைத்திருக்கிறது. போதாததற்கு இதில் ஒரு அருமையான விதி உண்டு. ஒவ்வொரு அணிக்கும் ஒரு 'நானாய்', அம்மா. அணியில் யாராவது தாண்டத் தவறினால் அம்மா அவர்களுக்காக இன்னொரு முறை தாண்டிக் காப்பாற்றலாம். அம்மா தவறினால் அணியே அவுட். விழுந்த பிள்ளைக்காக ஒருத்தி திரும்ப ஓடிவந்து அதே உயரத்தைத் தாண்டுவதைவிட நல்ல நடனக் கரு எங்கே கிடைக்கும்? கதை சொல்ல வேண்டாம், பாட்டு வேண்டாம், விதியே கதை.

இவ்வளவு பிடித்தும் ஐந்தாம் வகுப்புக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளை ஓடிவந்து தாண்டி ஒதுங்கப் பத்து நொடி. நாற்பத்தைந்து பேருக்கு ஏழரை நிமிடம். நாற்பது நிமிட வகுப்பு முழுக்கத் தாண்டினாலும் ஒருவருக்கு ஐந்து தாண்டல். மொத்த அசைவு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரம் வரிசையில் நிற்பதுதான் வேலை. ஆறு இடத்தில் பிரித்து வைத்தால் நிலைமை மாறும்தான். ஆனால் ஆறு இடத்தில் பிள்ளைகள் பறக்கும்போது ஒரே ஒரு ஆசிரியரால் எல்லா இடத்தையும் பார்த்துக்கொள்ள முடியாது. கீழே உட்கார்ந்திருப்பவர்களின் விரல் மேலோ முகத்தின் மேலோ கால் விழ ஒரு தவறான எட்டுப் போதும். சிமெண்டுத் தரை வேறு.

இன்னொரு வருத்தமும் உண்டு. உயரம் ஏற ஏற, அதிகம் அசைய வேண்டிய கனத்த பிள்ளையும் குட்டைப் பிள்ளையும் முதலில் வெளியேறுவார்கள். உயர்நிலைப் பள்ளியில், பதினைந்து இருபது பேர் கொண்ட நடனக் குழுவுக்கு, பாய் விரித்த தரையில் இதை எடுங்கள். அங்கே இதற்கு ஈடு கிடையாது. அப்போதும் கைகளை உண்மையாக அடுக்காமல், உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு துணியைப் பிடித்து உயர்த்தினால் போதும். பட்டால் துணி அசையும், யாருக்கும் வலிக்காது. பட்டதா இல்லையா என்பதும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

தும்பாங் பிரேசோ: மேடைக்கு ராஜா

நடுவில் ஒரு பால் டப்பா. அதைக் காக்க ஒரு 'தாயா', நம் பேச்சில் பிடிப்பவர். மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று ரப்பர் செருப்பை வீசி டப்பாவை விழுத்த வேண்டும். விழுந்ததும் செருப்பை எடுக்க ஓட வேண்டும். தாயா டப்பாவை நிமிர்த்தி வைத்த பிறகுதான் யாரையும் தொடலாம். விசயாஸ் தீவுகள் பக்கத்தில் தும்பா லாத்தா என்பார்கள். லாத்தா என்றால் தகரம்.

இதை நடனமாக்கினால் பார்ப்பவர்கள் மகிழ்ந்து போவார்கள். காரணம் சத்தம். வட்டமாக நிற்கும் பிள்ளைகள் கையில் செருப்பை மாட்டித் தரையில் தட்டினால் அதுவே மத்தளம். டப்பா விழும் ஓசை ஒவ்வொரு தாள வரியின் முடிவிலும் மணிபோல் கேட்கும். வீசுவதும் பதறுவதும் குனிந்து பொறுக்குவதும் எல்லாருக்கும் புரியும் அசைவுகள். கடைசி வரிசையில் நிற்கும் பாட்டிக்கும் என்ன நடக்கிறதென்று தெரியும். செலவும் இல்லை, ஒரு டப்பாவும் காலில் கிடக்கும் செருப்பும் போதும்.

சிக்கல் அந்த வீச்சில்தான். உண்மையாக வீசினால் நாற்பத்தைந்து செருப்பு பறக்கும். டப்பா எட்டாவது எண்ணிக்கையில் விழ வேண்டும் என்று செருப்புக்குத் தெரியாது. வீசுவதுபோல் நடித்து, தாயாவே டப்பாவைத் தட்டிவிட்டால் தாளம் சரியாக இருக்கும். ஆனால் குறி பார்க்கும் திறன் போய்விட்டது, சந்தேகமும் போய்விட்டது, மிஞ்சுவது நாடகம். அதனால் வாராந்தர வகுப்புக்கு இதை நான் எடுக்க மாட்டேன். ஆகஸ்டு விழாவுக்கு ஐந்து நிமிட மேடை நிகழ்ச்சி வேண்டுமென்றால் முதல் தேர்வு இதுதான், அங்கே நாடகம் குறையல்ல.

பீக்கோ: சிறியவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும்

நம் பாண்டி ஆட்டம்தான். தரையில் கட்டம், எறிவதற்கு ஒரு சில்லு. அவர்கள் பமாத்தோ என்பார்கள். ஒற்றைக் காலில் நொண்டிப் போய்த் திரும்ப வேண்டும்.

நடனமாக மாற்ற இதைவிடச் சுலபமானது இல்லை. எட்டுக் கட்டம் போட்டால் எட்டு எண்ணிக்கை. நொண்டி, நொண்டி, இரு கால்; நொண்டி, நொண்டி, இரு கால். ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை தொடங்கி நாலு எண்ணிக்கை கழித்து அடுத்த பிள்ளை தொடங்கினால், ஒரே அசைவு அலைபோல் பின்தொடரும். பத்துக் கட்டம் வரைந்தால் நாற்பத்தைந்து பேரும் நிற்காமல் அசைவார்கள். காயம் என்று சொல்ல ஏதுமில்லை. செலவு ஒரு பெட்டி சாக்பீஸ்.

குறை என்னவென்றால் பீக்கோவில் ஆள் தனி. எதிரே யாருமில்லை. பிடிபடும் நொடி என்பது சொந்தக் கால் தடுமாறும் நொடி மட்டும்தான். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய சவால், அந்த வயதுக்கு இது போதும். பத்து வயதுக்காரருக்கு இரண்டாவது வாரமே அலுத்துவிடும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு பீக்கோ. மேல் வகுப்புக்கு, பெரிய நடனத்தின் முன்னால் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கவும் காலுக்குத் தாளம் ஏற்றவும் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. சிப்பா, 2009இல் சட்டத்தால் ஆர்னிஸ் என்ற குச்சிச் சண்டைக் கலை தேசிய விளையாட்டு ஆகும் வரை அந்தப் பெருமையோடு இருந்த காலால் தட்டும் ஆட்டம். தாளம் நன்றாக இருக்கும், ஆனால் வகுப்பில் பாதிப் பேரால் மூன்று தட்டுக்கு மேல் தட்ட முடியாது. சைனீஸ் கார்ட்டர் என்ற எலாஸ்டிக் தாண்டும் ஆட்டம் நல்லதுதான். அதைப் பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று ஒதுங்கும் பையன்களை இழுத்து வரவே பாதி நேரம் போய்விடும். சுங்கா நம் பல்லாங்குழி, உட்கார்ந்து ஆடுவது.

பத்தின்தேரோ: இதற்குத்தான் என் வாக்கு

ஏறக்குறைய ஐந்துக்கு ஆறு மீட்டர் நீள்சதுரம். குறுக்கே கோடுகள், நெடுக்கே நடுவில் ஒரு கோடு. முன்பு தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டதால் துபிகான், துபிக்-துபிக் என்றும் பெயர் உண்டு. துபிக் என்றால் தண்ணீர். காவலர்கள் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. கடப்பவர்கள் ஒவ்வொரு கோடாகத் தாண்டி மறு எல்லைக்குப் போய்த் திரும்ப வேண்டும். காவலரில் பதோதோத்துக்கு மட்டும் நடுக்கோட்டில் ஓடும் உரிமை, மற்றவர்களின் கோடுகளையும் அவர் வெட்டலாம்.

ஒரு காவலரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கைகள் விரிந்திருக்கின்றன, முழங்கால் தாழ்ந்திருக்கிறது, பாதம் பக்கவாட்டில் வழுக்கிச் சேர்ந்து வழுக்குகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டார் நடனத்தில் பக்கமாக வழுக்கிச் சேரும் அடவு என்று சொல்லித்தருவதும் இதே அசைவுதான். எதிரே கடப்பவர் இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்கிறார். காவலரும் அவரும் கண்ணாடிபோல ஒருவரையொருவர் பார்த்து அசைகிறார்கள். நடன ஆசிரியர்கள் கண்ணாடிப் பயிற்சி என்று தனியாக நடத்துவதை இந்தப் பிள்ளைகள் பொழுது சாயும் நேரத்தில் தெருவில் தாமாகவே செய்கிறார்கள். ஆக, அசைவைப் புதிதாக உண்டாக்க வேண்டாம். தாளத்தில் ஏற்றினால் போதும்.

ஏற்றும்போது விதியைக் கொல்லாமல் இருப்பதுதான் சவால். நான் பரிந்துரைக்கும் முறை இது. இரண்டு எண்ணிக்கைத் தாளம், எட்டு எண்ணிக்கை ஒரு வரி. ஒன்றிலிருந்து ஆறு வரை கடப்பவரும் காவலரும் கோட்டின் இரு பக்கமும் கண்ணாடிபோல அசைவார்கள். ஏழில் இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்: கடப்பவர் இடமோ வலமோ கோட்டைத் தாண்டுகிறார், காவலர் இடமோ வலமோ ஒரு கை நீட்டுகிறார். எட்டில் எல்லோரும் அப்படியே உறைகிறார்கள். கை நீட்டிய பக்கமே கடந்திருந்தால் பிடிபட்டார். அடுத்த எட்டு எண்ணிக்கையில் இருவரும் சுழன்று இடம் மாறிக்கொள்கிறார்கள். தப்பித்தால் அடுத்த கோடு. தெரு விதிப்படி ஒருவர் பிடிபட்டால் அணி முழுக்க மாறும். இங்கே அந்த இருவர் மட்டும் மாறுவதால் ஆட்டம் நிற்காது. பதோதோத் நடுக்கோட்டில் நடந்தபடி கைதட்டி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வார். தாளம் தவறினால் கோட்டில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தப் பொறுப்புக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

இப்போது கணக்கு. காவலர் ஐவர், கடப்பவர் ஐவர், ஒரு கட்டத்துக்குப் பத்துப் பேர். நாலு கட்டம் போட்டால் நாற்பது பேர். மீதி ஐவர் மூங்கில் குச்சியோ தேங்காய்ச் சிரட்டையோ தட்டித் தாளம் போடுவார்கள், சுற்றுக்குச் சுற்று மாறுவார்கள். கூடைப்பந்துத் திடல் 28க்கு 15 மீட்டர். நாலு கட்டமும் நடுவில் நடக்க வழியும் தாராளமாக அடங்கும். தாளம் போடுபவர் தவிர யாரும் சும்மா நிற்பதில்லை. கால் சரியில்லாத பிள்ளைக்குத் தாளம் ஒரு ஒதுக்கிடம் இல்லை, ஆட்டத்தை நடத்துவதே அந்தக் கைதான்.

ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழாம் எண்ணிக்கையில் இருவர் நேராக முட்டிக்கொள்ளலாம். கடப்பவர் காவலரின் தோளுக்கு வெளியே சாய்வாகத்தான் தாண்ட வேண்டும், காவலர் திறந்த உள்ளங்கையால்தான் தொட வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

பையன்கள் விஷயத்திலும் இதற்குப் பலம் அதிகம். நடனம் என்றால் சுவரோரம் ஒதுங்கும் பையன், கோட்டைக் கடக்கச் சொன்னால் முதல் ஆளாக நிற்பான். அவன் ஆடிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கே மூன்றாவது வாரம்தான் தெரியும்.

எப்படி மாற்றுவது என்பதிலும் ஒரு தேர்வு உண்டு

விளையாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஆசிரியர் முன்னால் மூன்று வழி இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது படம் காட்டுவது: பதிவு செய்த பாட்டைப் போட்டு, விளையாடுவதுபோல் நடித்து, கடைசியில் கையை உயர்த்தி நின்று முடிப்பது. இரண்டாவது, நாட்டார் நடனத்தின் அடவுகளை எடுத்து விளையாட்டின் வரைபடத்தில் வைப்பது. மணிக்கட்டைச் சுழற்றும் குமின்தாங், குனிந்து அள்ளும் சாலோக், வால்ட்ஸ், போல்கா எல்லாம் பாடத்தில் எப்படியும் வர வேண்டியவை. மூன்றாவது, மேலே சொன்னதுபோல விதியை உயிரோடு வைப்பது.

இந்த இழுபறி அந்நாட்டு நடன உலகத்திலேயே பழையது. அக்கினோ ஊரில் கண்டதைக் கண்டபடி எண்ணிக்கையோடு எழுதி வைத்தார். பிலிப்பைன் மகளிர் பல்கலைக்கழகத்தில் 1957இல் தொடங்கிய பயானிஹான் குழு, அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடியது. நாட்டார் நடனத்தை மேடைக்கு ஏற்ப ஒளியும் வேகமும் கொடுத்து மாற்றியது. எது உண்மையானது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பள்ளிக்கு அந்த விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பள்ளியில் பார்வையாளர் பின்னால்தான். ஆடும் பிள்ளைதான் முதலில்.

அதனால் என் யோசனை இரண்டாவதையும் மூன்றாவதையும் கலப்பது. ஒன்றிலிருந்து ஆறு வரை வழுக்கிச் சேரும் அடவு, அடுத்த வாரம் போல்கா, அதற்கடுத்து கையில் குமின்தாங். ஏழும் எட்டும் எப்போதும் விளையாட்டுக்கே. அடவு பிசகினால் திருத்தலாம், ஏழாம் எண்ணிக்கையில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஆசிரியர் சொல்லக் கூடாது.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. மதிப்பெண் போடுவது சிரமம். எல்லோரும் ஒன்றுபோல் ஆடும் நடனத்தில் பிசகியவரைப் பிடிப்பது சுலபம். இங்கே ஒவ்வொரு முறையும் ஆட்டம் வேறு மாதிரி முடியும். எட்டில் உறைந்தாரா, தாளத்தோடு வந்தாரா, எதிரே இருப்பவரைப் பார்த்து அசைந்தாரா என்று மூன்றைப் பார்த்தால் போதும். எத்தனை முறை பிடிபட்டார் என்பதற்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டார் நடனம் என்றால் பாலின்தாவாக், பதாதியோங், கமிசா என்று வாடகைக்கு எடுக்கப் பெற்றோர்தான் காசு புரட்ட வேண்டியிருக்கும். தெரு விளையாட்டுக்குத் தெரு உடைதான் சரி. டீசர்ட்டும் அரைக்காற்சட்டையும் போட்டு ஆடினால் அது குறையல்ல, உண்மை. நடனத்தின் பேரால் கூலித் தொழிலாளியின் வீட்டில் ஒரு நாள் சம்பளம் போவதை நான் ஏற்க மாட்டேன்.

முதல் இரண்டு வாரம் நடனமே வேண்டாம்

எந்த விளையாட்டை எடுத்தாலும் இதை மட்டும் தவிர்க்காதீர்கள். நகரத்துப் பிள்ளைகள் பலர் பத்தின்தேரோவைப் பாடப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். அவர்களுக்கு நேரே எண்ணிக்கையைக் கொடுத்தால், இல்லாத ஒன்றின் நினைவை ஆடச் சொல்வதுபோல் ஆகிவிடும். முதல் வாரம் வீட்டில் லோலோ, லோலா, அதாவது தாத்தா பாட்டியிடம் விதியைக் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு விதி வரும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அந்தச் சண்டையை அவசரமாகத் தீர்த்து வைக்காதீர்கள். பிள்ளைகளே பேசி ஒரு விதிக்கு வரட்டும். இரண்டாவது வாரம் வெறுமனே விளையாடட்டும், வியர்க்கட்டும், தொட்டதா தொடவில்லையா என்று கத்தட்டும். மூன்றாவது வாரம் சிரட்டையைக் கையில் எடுங்கள்.

ஆறு வாரம் கிடைத்தால் பத்தின்தேரோ நன்றாக வந்துவிடும். மூன்றே வாரம்தான் என்றால் மேல் வகுப்புக்கும் பீக்கோவையே எடுத்து, அலையாகப் பின்தொடரும் வடிவத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறைப் பத்தின்தேரோவை விட அது மேல். விழாவுக்கு அழைப்பு வந்து இரண்டு வாரமே இருந்தால் தும்பாங் பிரேசோ. நடனக் குழு தனியாக, பாயும் நேரமும் இருந்தால் லுக்சோங் தினிக், அந்த அம்மாவுக்காகவே.

ஒரு பயம் எனக்குள் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தெரு விளையாட்டில் பெரியவர் கிடையாது. விதியை மாற்றுவதும், சண்டை போட்டுச் சேர்வதும், குட்டித் தம்பிக்கு ஒரு வாய்ப்பு அதிகம் கொடுப்பதும் பிள்ளைகளின் அரசாங்கம். நாம் விசிலோடு உள்ளே போய், எண்ணிக்கை வைத்து, மதிப்பெண் போட்டால் அது நம் சொத்தாகிவிடலாம். அப்படி ஆகிவிட்டால் நாம் காப்பாற்றியது எதையும் அல்ல. அதனால் கோட்டைச் சாக்பீஸில் போடாமல், தண்ணீரில் அழியாத வர்ணத்தில் திடலின் ஓரமாகப் போட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் சிரட்டைகளைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விடலாம். இடைவேளை மணி அடித்ததும் அவர்கள் வருவார்கள்.